விட்ட வேலைக்குக் காவல்

மேற்கு மலையின் அடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் அங்கே இளைப்பாறி, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு ஏறுவார்கள். வடிவம்மை அந்த மடத்தின் குரு. அவரிடம் வந்து சேர்ந்த சீடர்களில் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். மாசிலாமணியும் அப்படித்தான்.

மாசிலாமணி பல வேலை பார்த்தவர். மீசை அரும்பும்போது நூற்பு மில்லில் சேர்ந்தார். அங்கே ஆள் குறைத்தார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஆனார். முதலாளி அந்த வேலையைத் தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தார். மேனேஜரோடு வாய்த்தகராறு. கொஞ்ச காலம் சோடா கம்பெனி. கடைசியில் கல்யாண வீடுகளில் சமையல். எந்த வேலையையும் அவர் மோசமாகச் செய்ததில்லை.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. விட்டுவந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவார். கண்டக்டர் வேலை போன பிறகு, அதே பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக் கடைசி சீட்டில் உட்காருவார். புதுக் கண்டக்டர் எப்படி விசில் ஊதுகிறான், யாருக்குச் சில்லறை பாக்கி வைக்கிறான் என்று பார்ப்பார். எங்கும் போகவேண்டிய காரியம் இருக்காது. கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பிவருவார்.

மனைவி ஒருநாள் கேட்டாள்.

“விட்ட வேலைக்கு எதுக்குக் காவல் கிடக்கீங்க?”

“நான் பாத்த மாதிரி அவன் வேலை பாக்கானான்னு பாக்கேன்.”

“பாக்கலைன்னா?”

“நிம்மதியா இருக்கும்.”

“பாத்தான்னா?”

புதுக் கண்டக்டர் நன்றாகத்தான் வேலை பார்த்தான். அதனால்தான் மறுநாளும் போனார்.

மனைவி காலமான பிறகு, பிள்ளைகள் தங்கள் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்ட பிறகு, அவர் மடத்துக்கு வந்தார். இனி வேலை என்ற பேச்சே இருக்காது என்று நினைத்துக்கொண்டு வந்தார்.

வந்த அன்றே வடிவம்மை அவரைக் கோசாலைக்கு அனுப்பினார்.

மாடுகள் அவருக்குப் பழகின. எது எந்தப் பக்கம் தடவினால் நிற்கும் என்பதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. அப்போது வடிவம்மை அவரைச் சமையலுக்கு மாற்றினார். கோசாலைக்குக் குத்தாலிங்கம் என்பவன் வந்தான். நாற்பதைத் தாண்டியவன், முன்பு லாரி ஓட்டியவன். மாட்டைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவன்.

கொஞ்ச நாளில் பால் கூடியது. குத்தாலிங்கம் லாரி ஓட்டும்போது பாடிய பாட்டுகளை மாடுகளுக்கும் பாடுகிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணி சிரிக்கவில்லை. சாயங்காலம் ஆனால் கோசாலை வேலிக்குப் போய் நின்றார். தான் வளர்த்த செவலைப் பசு அவனுடைய தோளில் முகத்தைத் தேய்ப்பதைப் பார்த்தார்.

சமையல் அவருடைய சொந்த வேலை. அதனால் கோசாலையை மெல்ல மறந்தார். அவர் ரசத்தைக் குடிப்பதற்கென்றே கீழூரிலிருந்து ஆட்கள் நடந்து வந்தார்கள். ‘மாசிலாமணி அண்ணாச்சி கை’ என்று ஒரு பேச்சு உண்டாயிற்று. அந்தப் பேச்சு காதில் விழுந்த நாட்களில் அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அப்போது வடிவம்மை அவரைக் கூப்பிட்டார்.

“நாளையிலிருந்து நந்தவனத்தைப் பாருங்க.”

“சமையலுக்கு?”

“குத்தாலிங்கம் வருவான்.”



“நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா அம்மா?”

“இல்லையே. நல்லாப் பண்ணினீங்க.”

“நல்லாப் பண்ணினா அந்த வேலையை வச்சுக்கக் கூடாதா?”

“எங்க வச்சுக்கிடுவீங்க?” என்று கேட்டார் வடிவம்மை.

மாசிலாமணி தன் கைகளைப் பார்த்தார்.

“எல்லாத்தையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க” என்றார் வடிவம்மை.

மாசிலாமணி சொல்லிக் கொடுத்தார். பெருங்காயம் எங்கே இருக்கிறது, எந்த அரிசி எவ்வளவு தண்ணீர் குடிக்கும், எந்த விறகு புகையும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குத்தாலிங்கம் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். முடிவில் கேட்டான்.

“வேற ஏதாவது உண்டா அண்ணாச்சி?”

ஒன்று இருந்தது. மடத்து அடுப்பு மண்ணால் கட்டிய மூன்று வாய் அடுப்பு. நடு அடுப்பில் பாத்திரத்தைத் தாங்கும் முன்பக்கக் குமிழ் உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. சின்னப் பாத்திரங்களுக்கு ஒன்றும் ஆகாது. பெரிய அண்டாவை நிறைத்து ஏற்றினால் தாங்காது. அதனால் பெரிய அண்டாவை அவர் எப்போதும் ஓரத்து அடுப்பில்தான் ஏற்றுவார். மண் குழைத்துச் சரிசெய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் வேலை மாறியது.

“அவ்வளவுதான்” என்றார் மாசிலாமணி.

நந்தவனத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு சன்னல் இருந்தது. பூப் பறிக்கிற நேரத்திலும் தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்திலும் அவர் கண் அந்தச் சன்னலுக்குப் போயிற்று. குத்தாலிங்கம் முதலில் சோற்றைக் குழையவிட்டான். அன்று மாசிலாமணி இரண்டு கை பூ கூடுதலாகப் பறித்தார். பிறகு சோறு பதமாக வந்தது. சாம்பார் வந்தது. ஒருநாள் ரசமும் வந்தது.

பந்தியில் உட்கார்ந்து அந்த ரசத்தை வாயில் வைத்தார். பிரமாதமாக இருந்தது.

“எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்று குத்தாலிங்கம் பக்கத்தில் வந்து குனிந்தான்.

“புளி கொஞ்சம் முன்னால நிக்குது.”

அவன் முகம் வாடியது. மாசிலாமணி இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

அடுப்பு விஷயம் அவருக்கு மறக்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கினால் போய்ச் சொல்லிவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டார். சொல்லாமல் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஆடி அமாவாசை வந்தது. மலையேற வந்த கூட்டத்தில் மடத்து முற்றம் நிறைந்துவிட்டது. மாசிலாமணி சன்னலுக்கு வெளியே அரளி பறித்துக்கொண்டிருந்தார். உள்ளே பார்த்தார்.

நடு அடுப்பில் பெரிய அண்டா ஏறியிருந்தது. விளிம்பு வரை உலை கொதித்தது. அதன் முன்னால் குத்தாலிங்கம் குந்தியிருந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். சமையல்கட்டில் வேறு நாலைந்து பேர் இருந்தார்கள். காய் நறுக்குகிறவர்கள் காயைப் பார்த்தார்கள், இலை துடைக்கிறவர்கள் இலையைப் பார்த்தார்கள்.

மாசிலாமணி வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார். ஒருவேளை தாங்கிவிடும் என்று நினைத்தார். தாங்கிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தாங்காவிட்டால் என்று நினைத்தபோது, அந்த நினைப்பில் ஒரு ஓரத்தில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

அண்டா லேசாக அசைந்தது.

பூக்கூடையை எறிந்துவிட்டு ஓடினார். “எந்திரி! தள்ளிப் போ!” என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்து, சாய்ந்து வருகிற அண்டாவை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தினார். குத்தாலிங்கம் உருண்டு விலகினான். யாரோ உலக்கையைக் கொண்டு முட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பேர் சாக்கைப் பிடித்து அண்டாவை இறக்கினார்கள். அதுவரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. “தன் கை போனாலும் பரவாயில்லைன்னு அவன் உசிரைக் காப்பாத்திட்டாரே” என்றார்கள். மலையேற வந்த ஒருவர் மாசிலாமணியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாசிலாமணி காலை இழுத்துக்கொண்டார்.

வடிவம்மை அவரை உட்காரவைத்து, வெகுநேரம் கைகளில் தண்ணீர் ஊற்றினார். மருந்து தடவி, வாழைக்குருத்தை வைத்துத் துணி சுற்றினார். ஒன்றும் கேட்கவில்லை. குத்தாலிங்கம்தான் கேட்டான்.

“அது சாயும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது அண்ணாச்சி?”

மாசிலாமணி வடிவம்மையைப் பார்த்தார். அவர் துணி சுற்றுவதிலேயே இருந்தார்.

“எனக்கு முந்தியே தெரியும்.”

“எப்ப?”

“நான் சமைக்கும்போதே.”

குத்தாலிங்கத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அன்னிக்குக் கேட்டேனே அண்ணாச்சி. வேற ஏதாவது உண்டான்னு கேட்டேனே.”

“கேட்டே.”

“நான் என்ன பண்ணினேன் உங்களுக்கு?”

குத்தாலிங்கத்தின் குரல் உடைந்தது.

“கோசாலைக்குப் போனா, மாசிலாமணி இருந்தப்ப இப்படியான்னாங்க. இங்க வந்தா, மாசிலாமணி கைக்கு வருமான்னாங்க. ஒரு ரசம் வைக்கதுக்கு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை நல்லதா வராதான்னு பக்கத்துல வந்து நின்னேன்.”

எழுந்து போய்விட்டான்.

அன்று சாயங்காலம் மாசிலாமணி தன் இடத்தில் படுத்திருந்தார். கைகள் இரண்டும் துணிப்பொதியாக இருந்தன. பசித்தது. கேட்க வாய் வரவில்லை.

குத்தாலிங்கம் தட்டோடு வந்தான். எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். ஒரு உருண்டையை எடுத்தான். அது சூடாக இருந்தது. வாயருகே வைத்து ஊதி, ஆறிய பிறகு நீட்டினான். முகம் மட்டும் வேறு பக்கம் இருந்தது.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். மாசிலாமணி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

“கீரையை மூடாம வேகவை. பச்சை மாறாது.”

“ம்.”

“தெற்குப் பக்கத்துப் பரண்ல எலி வரும். பருப்பை அங்க வைக்காதே.”

“ம்.”

“செவலைக்கு இடது காதுக்குப் பின்னால சொறிஞ்சா பிடிக்கும்.”

“அது எனக்கே தெரியும்” என்றான் குத்தாலிங்கம். பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“நெசமாவே ரசத்துல புளி கூடுதலா?”

“இல்ல. என் ரசத்தைவிட நல்லா இருந்துது.”

குத்தாலிங்கம் அடுத்த உருண்டையைக் கொஞ்சம் பெரிதாக உருட்டினான்.

துணியை அவிழ்த்த நாளில் மாசிலாமணி வடிவம்மையிடம் போனார். வடிவம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

“கை ஆறிட்டு அம்மா.”

“நல்லது.”

“மனசு ஆறலை.”

வடிவம்மை துணியைப் பிழிந்தார்.

“அவன் எனக்குச் சோறு ஊட்டினான். நானும் தெரிஞ்சதெல்லாம் சொல்லிட்டேன். ஆனாலும் அவன் சமைக்கும்போது கண்ணு அந்தச் சன்னலுக்குத்தான் போகுது. அவன் சமையலை யாராவது நல்லா இருக்குன்னு சொன்னா உள்ள சுருக்குன்னு குத்துது. இத்தனை வேலை பாத்து, இத்தனை வயசாகி, இங்க வந்தும் போகலை. நான் எதுக்கும் லாயக்கில்ல. ஊருக்கே போயிடட்டுமா?”

வடிவம்மை துணியைக் கொடியில் போட்டார்.

“அமாவாசை அன்னிக்குச் சமையல்கட்டுல எத்தனையோ பேர் இருந்தாங்க. அந்த அண்டா அசைஞ்சதை யாரு பாத்தா?”

“நான்.”

“வேற யாரும்?”

“இல்ல.” மாசிலாமணியின் கண் கலங்கியது. “ஆனா நான் நல்ல எண்ணத்துல பாக்கலையே அம்மா.”

“தெரியும்.”

சமையல்கட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டது. மாசிலாமணியின் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பியதை வடிவம்மை கவனித்தார். மாசிலாமணி வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“எனக்கு இனி என்ன வேலை அம்மா?” என்று கேட்டார்.

வடிவம்மை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இத்தனை நாள் அவனைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க” என்றார். “இனிமே அவனை நல்லாப் பாத்துக்கிடுங்க.”