உதிர்ந்த பழமும் ஒரு கழுத்தும்

முன்னொரு காலத்தில் தேமாங்குடி நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் எல்லோர் உயிரையும் வாங்கினார். அவருடைய மாந்தோப்பில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைக்கூட வேறு யாரும் தொடக் கூடாது, தொட்டால் கசையடி என்று சட்டம் போட்டிருந்தார். பழமெல்லாம் விழுந்த இடத்திலேயே அழுகியது.

ஒரு கோடையில் ராஜா கடித்த பழத்திலெல்லாம் புழு!

"தூ! இதிலுமா? கூப்பிடுங்கள் அந்தத் தோட்டக்காரனை!"

தோட்டக்காரன் சடையாண்டி ஓடிவந்தான். "ஈ பழத்தைக் குத்தி முட்டை வச்சுப்புடுது சாமி. விரட்ட விரட்ட வருது."

"பொய், மன்னா!" என்றார் சபையிலிருந்த பிங்கலர். "வெளி ஈயை இவன்தான் உள்ளே விடுகிறான். என் மைத்துனனுக்கு வேலை கொடுங்கள். ஓர் ஈ நுழையாது."

"பௌர்ணமியன்று இவன் தலையை எடுங்கள்!" என்றார் ராஜா.

அமைச்சர் மாதேவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரிடம் நியாயம் பேசி என்ன பயன்? "அதற்குமுன் பிங்கலரின் காவலைச் சோதிப்போம், மன்னா. பானையில் மண் பரப்பி, உதிர்ந்த பழங்களை வைத்து, வாயைத் துணியால் கட்டுவோம். பழத்தை நீங்களே பொறுக்கித் தாருங்கள். நான் தொட்டால் கசையடி."

ராஜா முனகிக்கொண்டே குனிந்து பொறுக்கினார். பிங்கலரும் மைத்துனனும் இரவும் பகலும் காவலிருந்தார்கள்.

பௌர்ணமியன்று சபையில் துணியை அவிழ்த்ததும் குபீரென்று ஈக்கள் கிளம்பின.

"எப்படி ஐயா உள்ளே விட்டீர்?" என்று கத்தினார் ராஜா.

"சத்தியமாக ஒன்றுகூட நுழையவில்லை, மன்னா!" என்று அலறினார் பிங்கலர்.

"அவர் சொல்வது உண்மைதான்," என்றார் மாதேவர். "பழத்துக்குள் இருந்த புழுதான் மண்ணில் இறங்கி ஈயாகியிருக்கிறது. உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கி, ஈ மேலே வர முடியாதபடி ஆழப் புதைத்திருந்தால் தோப்பில் இத்தனை ஈ ஏது?"

"பொறுக்காத மடையன் யார்?"

"பொறுக்கினால் கசையடி, மன்னா."

"அப்படியொரு கிறுக்குச் சட்டம் போட்டவன் எவன்?"

சபையே கூரையைப் பார்த்தது. ஓர் ஈ வந்து ராஜாவின் மூக்கில் உட்கார்ந்தது.

"சரி, சரி, புரிகிறது!" என்று எரிந்து விழுந்தார் ராஜா. "சட்டம் ரத்து. சடையாண்டியை விடுங்கள். பிங்கலரே, மைத்துனனுக்கு வேலை கேட்டீரே, கொடுத்தேன். இருவரும் தினமும் உதிர்ந்ததைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள். மாதேவரே, இந்த முத்துமாலை உமக்கு."

அடுத்த கோடையில் ராஜா கடித்த பழத்தில் புழு இல்லை. "பார்த்தீர்களா, என் புதுச் சட்டத்தின் மகிமையை!" என்றார்.

மாதேவர் தலையில் அடித்துக்கொண்டார். சடையாண்டி மட்டும் தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க சாமி" என்றான்.