கேட்டுக்கும் காருக்கும் நடுவே

லிஃப்ட் கம்பெனியின் தலைமை எஞ்சினியர் வேதநாயகம், புது சிப்புக்காக ஒப்பந்த ஊழியர் செண்பகா எழுதிய புரோகிராமில் ஒரு வரியைக் காட்டினார். கதவை மூடும் உத்தரவு போய்ச் சேரும்வரை லிஃப்டை நகர்த்தும் மோட்டாருக்கான உத்தரவை நிறுத்திவைக்கும் வரி அது.

"பழைய சிப்புல இது இல்லாமத்தான் ஓடுச்சு. தண்ட வரி. இதை எடு, இல்லேன்னா நீ கிளம்பு."

"பழைய சிப்பு சொன்ன வரிசையில செய்யும் சார். புதுசு, எது முந்திக்குதோ அதை முதல்ல செய்துடும்," என்றாள் செண்பகா.

"நாம வரிசையாத்தானே சொல்றோம்?"

வீட்டுக்குப் புறப்பட்டவர், போனில் வாட்ச்மேனிடம் "கேட்டைத் திற" என்றார். "திறந்தாச்சா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே டிரைவரை அழைத்து "வண்டியை எடு" என்றார்.

"நடுவுல ஒண்ணு கேட்டீங்களே சார், அது தண்டம்தானே? நாளையிலிருந்து விட்டுடலாமா?" என்றாள் செண்பகா.

வேதநாயகம் ஜன்னல் வழியே, தன் காருக்குப் போன மாதம் மாற்றிய பம்பரைப் பார்த்தார்.

வரி அங்கேயே இருக்கிறது. செண்பகாவும்.