முள்ளி அறுத்தெறிந்த கொடி

இலுப்பைக்காட்டுக் குளத்தில் கோடைக்காலத்தில் சிறு விலங்குகள் கிழக்குக் கரையில் மட்டும்தான் இறங்கித் தண்ணீர் குடிக்க முடியும். மற்ற மூன்று பக்கமும் செங்குத்துப் பள்ளம். அந்தக் கரையைத்தான் காட்டெருமைகள் தங்களுக்கே வேண்டும் என்று கேட்டன. சேற்றில் புரள அதுதான் சுகமாம்!

வழக்கைக் காட்டின் தலைவியான யானை விசாரித்தது. சிறு விலங்குகளுக்காகப் பேச முள்ளி என்ற முள்ளம்பன்றி ஒப்புக்கொண்டது. அதன் பிறகுதான் அதற்கு ஒரு கவலை வந்தது. சபைப் பாறையில் நின்று நடுங்குபவர் பேச்சைப் பொய் என்று தள்ளிவிடுவது அந்தக் காட்டு வழக்கம். முள்ளிக்கோ பயம் வந்தால் முதுகு முட்கள் கலகலவென்று சத்தம் போடும். அதை எங்கே போய் ஒளிப்பது?

முள்ளி ஒரு கொடியால் முட்களை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாறையில் ஏறியது. முட்கள் அடங்கின. கூடவே மூச்சும் அடைத்தது. ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை.

நரிகள் சிரித்தன. எருமைத் தலைவன் கருவன், இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை, தீர்ப்பைச் சொல்லிவிடலாம் என்றது.

முள்ளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கழுத்தை வளைத்துக் கொடியைக் கடித்து அறுத்து எறிந்தது. முட்கள் சபை முழுக்கக் கேட்கும்படி கலகலத்தன.

“ஆமாம், நடுங்குகிறேன்! எல்லாரும் நன்றாகக் கேளுங்கள்!” என்றது முள்ளி. “கருவா, நீ ஏன் நடுங்கவில்லை தெரியுமா? தோற்றாலும் உன் பெரிய உடம்புக்கு மேற்குக் கரைப் பள்ளத்தில்கூட இறங்கிக் குடிக்க முடியும். நான் தோற்றால் என் இரண்டு குட்டிகளும் நாக்கு வறண்டு சாகும். எனக்கு நடுக்கம் வராமல் வேறென்ன வரும்? நடுங்குகிறேன். ஆனால் சொல்லி முடிக்காமல் இந்தப் பாறையை விட்டு இறங்க மாட்டேன்!”

போன கோடையில் எருமைகள் கிழக்குக் கரையை அடைத்துக்கொண்டதால் வேறு பக்கம் இறங்கப் போய்ப் பள்ளத்தில் விழுந்து செத்த முயல்களைப் பற்றியும் கீரியைப் பற்றியும் சொன்னது. முட்கள் ஓயவில்லை. முள்ளியும் ஓயவில்லை.

யானை கருவனைப் பார்த்தது. “இது சொன்னதில் எது பொய்?”

“எதுவும் பொய்யில்லை” என்று கருவன் ஒப்புக்கொண்டது.

கிழக்குக் கரை சிறு விலங்குகளுக்கே என்று தீர்ப்பானது. நடுங்குபவர் பேச்சைத் தள்ளும் வழக்கத்தையும் யானை அன்றே ஒழித்தது. முள்ளி இறங்கி நேராகக் குளத்துக்குப் போய் வயிறு முட்டக் குடித்தது. அப்போதும் அதன் முட்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

நடுக்கத்தை மறைக்கப் பாடுபடாதே; நடுங்கிக்கொண்டேயாவது சொல்ல வந்ததைச் சொல்லி முடி.