மறந்துபோன உப்பு

தாண்டவன் ஓடி வந்தான். நாற்பத்தைந்து வயது, உப்புவரி அதிகாரி, இடுப்பில் அரசு முத்திரை தொங்கியது. அப்படிப்பட்ட ஒருவர் வரப்பின் மேல் ஓடுவதை அந்த உப்பளம் அதுவரை கண்டதில்லை. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

குரு வேலம்மை கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று வாருபலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மை, பிடித்துவிட்டேன்! ஒரே நாளில் இரண்டு பேர்!"

"முதலில் மூச்சு விடு."

"அதற்கெல்லாம் நேரமில்லை. உச்சிப்பொழுதில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கேள்வி கேட்க வந்தேன்."

வேலம்மைக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். கூலி உயரும்வரை உப்புச் சுமக்க மாட்டோம் என்று ஒரு காலத்தில் நானூறு பேரை வரப்பில் உட்கார வைத்தவர். அதற்காக மூன்று ஆண்டு சிறையில் இருந்தார். அந்தச் சிறையில் எழுத்தராக இருந்தவன்தான் தாண்டவன். கைதியிடம் வாக்குமூலம் வாங்கப் போனவன் சீடனாகத் திரும்பினான். பிறகு ஆட்சி மாறியது. அவனுக்குப் பதவி கிடைத்தது. அவருக்கு வாருபலகை திரும்பக் கிடைத்தது.

"யார் அந்த இரண்டு பேர்?" என்று கேட்டார் வேலம்மை.

"ஒருவர் திருமேனி முதலாளி. இருநூறு அம்பாரம் உப்பு என்று வரிச் சாவடியில் சொன்னார். ஓடைக்கு அந்தப் பக்கம் உடைமரங்களுக்குப் பின்னால் இன்னும் பதினான்கு அம்பாரம் இருக்கிறது. இன்னொருத்தி சுடலைவடிவு. ஒன்பது என்றாள். தாழம்புதருக்குப் பின்னால் பத்தாவது ஒன்று கிடக்கிறது."

அந்த நாட்டின் வரிச் சட்டம் சிக்கல் இல்லாதது. அளம் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஆண்டு முடிவில் சாவடிக்கு வந்து, எத்தனை அம்பாரம் விளைந்தது என்று தம் வாயாலேயே சொல்ல வேண்டும். ஆறில் ஒன்று வரி. அதன்பின் அதிகாரி சுற்றிப் பார்ப்பார். சொன்னதற்கு மேல் உப்பு இருந்தால் அபராதம். தவறிப்போய்ச் சொல்லாமல் விட்டவர், விட்டுப்போன வரியையும் அதில் பாதியை அபராதமாகவும் கட்டினால் போதும். தெரிந்தே மறைத்தவருக்கு அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. அதோடு அடுத்த ஆண்டு அவருக்கு அளம் கிடையாது. ஏலத்துக்குப் போய்விடும்.

"இருவரும் என்ன சொல்கிறார்கள்?"

"ஒரே பதில்தான். மறந்துவிட்டது என்கிறார்கள்."

"உனக்கு என்ன தோன்றுகிறது?"

"முதலாளி சொன்னதில் நியாயம் இருக்கிறது அம்மை. இருநூறு வைத்திருப்பவன் பதினான்கை மறப்பது இயல்பு, பத்தே பத்து வைத்திருப்பவள் ஒன்றை மறப்பாளா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணோ உளறுகிறாள். தெரியாது என்கிறாள், மறந்துவிட்டது என்கிறாள், அழுகிறாள். அவருக்குப் பாதி, அவளுக்கு இரட்டை."

"தீர்ப்புத்தான் முடிந்துவிட்டதே. பிறகு ஏன் ஓடி வந்தாய்?"

தாண்டவன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தான். "சொல்லப்போனால் நாக்கு எழவில்லை அம்மை. மறந்தவரும் என் முன்னால் நின்று மறந்தேன் என்கிறார். மறைத்தவரும் அதையேதான் சொல்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வேறுபாடும் இல்லை. நெஞ்சுக்குள் புகுந்து பார்க்க என்னால் ஆகுமா? எப்படித்தான் கண்டுபிடிப்பது?"

வேலம்மை வாருபலகையை வரப்பில் சாத்தினார். "நட."

ஓடைக்கரையில் அதிகாரி உட்காருவதற்குப் பந்தல் போட்டிருந்தது. போட்டவர்கள் திருமேனியின் ஆட்கள். திருமேனி பந்தலுக்குள் நின்றார். அபராதத்துக்காகக் காத்திருப்பவரைப் போல இல்லை, விருந்தாளியை எதிர்பார்ப்பவரைப் போல இருந்தார். சுடலைவடிவு வெயிலில் நின்றாள். கூடை சுமக்கும் இருநூறு முந்நூறு பேர் வேடிக்கை பார்க்க வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு பாத்தி. அது திருமேனியின் பாத்திகளுக்கு நடுவே கிடந்தது. நான்கு தடவை அவர் விலைக்குக் கேட்டார், அவள் கொடுக்கவில்லை. இன்று இரட்டை என்று தீர்ப்பானால் அது ஏலத்துக்கு வரும். ஏலம் எடுக்க அந்தக் கரையில் திருமேனியை விட்டால் வேறு ஆள் இல்லை.

"வாங்க வேலம்மை," என்றார் திருமேனி. "இப்ப அதிகாரிக்கே பாடம் நடக்குதாக்கும்?"

"நடக்குது முதலாளி. உங்களுக்கும் இடம் இருக்கு, உட்காருங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அந்தப் பதினான்கு அம்பாரம் உங்களுக்கு நினைவிலேயே இல்லையா?" என்று கேட்டார் வேலம்மை.

"சத்தியமா இல்லை. அதிகாரி காட்டின பிறகுதான் ஓகோ, இது நம்முதா என்கிறேன். எப்ப வாரினது, யார் வாரினது, ஒண்ணும் தெரியாது."

"அது இல்லாமலே உங்களுக்கு இந்த ஆண்டு ஓடிவிட்டது."

"ஓடிட்டுதே!" என்று சிரித்தார் திருமேனி.

வேலம்மை அடுத்தவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தாயி."

"பங்குனி மாசம் காய்ச்சலாக் கிடந்தேன் அம்மை. பக்கத்துப் பாத்திக்காரங்க பாவம் பார்த்து வாரிக் குவிச்சாங்களாம். அப்பவே எங்கிட்ட சொன்னாங்களாம். காய்ச்சல்ல எனக்கு என்ன விழுந்துச்சோ, என்ன விழலையோ. தெரியாதுன்னு சொன்னா, ‘உங்கிட்ட சொன்னாங்களாமே’ங்காக. மறந்துட்டேன்னு சொன்னா, ‘அப்ப முன்னாடி தெரியும்லா’ங்காக. நான் என்னதான் சொல்ல? அந்த ஒரு அம்பாரத்துக்காக என் பாத்தியைப் பிடுங்கிறாதீக."

திருமேனி தாண்டவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கேட்டீர்களா என்பது போல.

வேலம்மை சீடனிடம் கேட்டார்: "இந்தப் பதினைந்து அம்பாரத்தையும் யாரும் நினைக்கவில்லை. யாருக்கும் அது தேவைப்படவில்லை. அப்படியானால் இந்த உப்பு யாருடையது?"

தாண்டவன் யோசிக்காமல் சொன்னான்: "யாருடையதும் இல்லை."

"அதை உரக்கச் சொல்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கியது. திருமேனியைப் பார்த்தான். அவருடைய சிரிப்பு அப்படியே இருந்தது. குருவைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. பந்தலோரம் நின்ற தண்டோராக்காரனிடம் இருந்து கோலை வாங்கிப் பறையை அவனே அடித்தான்.

"மறந்துபோன உப்புக்குச் சொந்தக்காரர் இல்லை! கூடை வைத்திருப்பவர்கள் அள்ளிக்கொள்ளலாம்!"

ஒரு நொடி யாரும் அசையவில்லை. பிறந்ததிலிருந்து உப்பைத் தலையில் சுமந்தவர்கள் அவர்கள். உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒருவரும் அவர்களிடம் சொன்னது கிடையாது.

"எலே, காதுல விழுந்துச்சா?" என்றது ஒரு குரல்.

அவ்வளவுதான். வரப்பு அதிர்ந்தது. கூடைகளும் பெட்டிகளும் தலைக்கு மேலே பறந்தன. கூடை இல்லாதவர்கள் மடியை விரித்துக்கொண்டு ஓடினார்கள். ஓடைத் தண்ணீர் நாலாபுறமும் தெறித்தது. விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே சிரித்தார்கள்.

சுடலைவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எனக்கும் உண்டுமா அய்யா?"

"எல்லாருக்கும்!" என்றான் தாண்டவன்.

அவள் பக்கத்தில் நின்றவளின் கூடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். தாழம்புதர்ப் பக்கம் போவாள் என்று தாண்டவன் பார்த்தான். போகவில்லை. நேராக ஓடையில் இறங்கி உடைமரங்களுக்குப் போனாள். இங்கே அவளுடைய பத்தாவது அம்பாரத்தை ஆறேழு பேர் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஏ வடிவக்கா! உன் அம்பாரம் காலியாகுது!"

"போட்டும்ளா! இங்க வெள்ளை வெளேர்னு கிடக்கு. நீயும் இங்க வா!"

தாண்டவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பதவிக்கு வந்தபின் அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.

திருமேனி பந்தலிலேயே நின்றார். முதல் அம்பாரம் பாதியானது. சிரிப்பு இருந்தது. இரண்டாவதில் கூடை விழுந்தது. அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஒரு காலைப் பந்தலுக்கு வெளியே வைத்தார். உள்ளே இழுத்துக்கொண்டார். அப்போது ஒரு கூலியாள் மூன்றாவது அம்பாரத்தின் உச்சியில் ஏறி நின்று, கீழே இருந்தவர்களின் கூடைகளில் இரண்டு கையாலும் உப்பைத் தள்ளத் தொடங்கினான்.

திருமேனி ஓடினார். ஒரு செருப்பு ஓடைச் சேற்றில் மாட்டிக்கொண்டது. மற்றதோடு ஓடினார்.

"இறங்குலே! மூணாவதைத் தொடாத! அது கப்பலுக்குப் பேசி முன்பணம் வாங்கினது! ஆடி மாசம் வாரின பரல் உப்புலே, முந்நூத்தி இருபது மூட்டை! ஏழாவதும் கப்பலுக்குத்தான்! எட்டாவதுக்கு அந்தப் பக்கம் கிடக்கது பழுப்பு. வேணும்னா அதை அள்ளித் தொலைங்க!"

கூடைகள் அந்தரத்தில் நின்றன.

திருமேனி அம்பாரத்தின் மேல் பாதி ஏறியிருந்தார். அவருடைய மூச்சு வாங்கும் ஓசை பந்தல்வரை கேட்டது. தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சுடலைவடிவு கூடையைக் கீழே வைத்தாள். "முதலாளிக்கு நினைப்பு வந்துட்டு!" என்றாள்.

அதற்கு எழுந்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது.

தாண்டவன் தீர்ப்பை நின்றுகொண்டே சொன்னான். திருமேனிக்கு இரட்டை அபராதம். அடுத்த ஆண்டு இந்தக் கரையில் ஒரு பாத்திகூட அவர் பெயரில் இருக்காது. சுடலைவடிவுக்குப் பாதி, பாத்தி அவளுடையது. அந்த அறிவிப்பு ஒரு சோதனைதான்; அள்ளிய உப்பை எல்லோரும் அந்தந்த அம்பாரத்தில் கொட்ட வேண்டும். கொட்டினார்கள், முணுமுணுத்துக்கொண்டுதான். மடியை உதறியவர்கள் நன்றாக உதறவில்லை. தாண்டவன் அதைக் கவனிக்காததுபோல் இருந்தான்.

"பாதின்னா எம்புட்டு அய்யா?" என்று கேட்டாள் சுடலைவடிவு.

"வரியும் அபராதமும் சேர்த்து அந்த அம்பாரத்தில் கால் பங்கு."

"இப்பவே அள்ளிக்கிடுங்க. உங்க மனசு மாறிறப் போகுது."

குருவும் சீடனும் வரப்பு வழியே திரும்பினார்கள். தாண்டவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வரப்பைச் சுற்றிப் போக வேண்டிய இடத்தில் தாண்டிக் குதித்தான்.

"என்ன ஓட்டம் ஓடினார் பார்த்தீர்களா அம்மை! மறந்தவருக்குத் தம் அம்பாரத்துப் பக்கம் கால் ஓடாது. அவளுக்கு ஓடவில்லையே! இதை ஊர் ஊராக எழுதி அனுப்பப் போகிறேன். இனி எந்த அதிகாரியும் ஏமாற மாட்டான்."

வேலம்மை நடந்துகொண்டே இருந்தார்.

"என்ன, நானும் கொஞ்சம் தவறப் பார்த்தேன். நீங்கள் வந்திருக்காவிட்டால் அவளுக்கு இரட்டையைப் போட்டு, பாத்தியைத் தூக்கி அவர் கையில் கொடுத்திருப்பேன்." அவன் சிரித்தான். "தவறிப்போனவனுக்குப் பாதிதானே சட்டம்? எனக்கும் பாதி போடுங்கள் அம்மை."

வேலம்மை நின்றார்.

"அதிகாரியாகி எத்தனை ஆண்டு ஆகிறது?"

"எட்டு."

"நிறையத் தவறியிருப்பாய்."

"மனிதன்தானே அம்மை. தவறாமல் இருக்குமா?"

"அதில் ஒரு தடவையாவது கூடை சுமப்பவர்களுக்கு லாபமாகத் தவறியிருக்கிறாயா?"

தாண்டவன் எட்டு ஆண்டையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான்; ஒரு தடவைகூட அகப்படவில்லை. "எனக்குப் பாதி போதாது அம்மை," என்றான்.