ராஜாவின் காதில் பஞ்சு

வாளுக்கு அஞ்சாத ராஜா ஒருவர் சவரக் கத்திக்கு அஞ்சினார் என்றால் நம்புவீர்களா? செங்குளம் பாளையத்தில் அது நடந்தது.

ராஜா பூலித்துரைக்கு ஆவுடையப்பன் என்றொரு நாவிதர். அவர் கத்தி முகத்தில் ஓடுவது, தும்பி குளத்து நீரைத் தொட்டுப் போவது போல இருக்கும். ராஜா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் மீசை இரண்டு பக்கமும் கொம்பு சீவிய காளை போல நிற்கும்.

அந்தக் கைக்கு என்ன வந்ததோ, கொஞ்ச காலமாக எல்லாம் தலைகீழ். விடிந்து வெகுநேரம் கழித்து வருகிறார். தண்ணீர் ஆறிப்போயிருக்கிறது. கத்தியைத் தீட்டினாரா என்பதே சந்தேகம். கேட்டால் "ம்" என்கிறார். ராஜாவின் தாடையில் நாளுக்கொரு கீறல். பங்குனி உத்திரத்தன்று மீசையின் ஒரு பக்கம் தொங்கிப்போய், தேர் பார்க்க வந்த ஜனங்கள் தேரை விட்டுவிட்டு ராஜாவையே பார்த்தார்கள்.

பிரதானி சிதம்பரதாணு கொதித்தார். ஆளைக் கூப்பிட்டு நாலு சாட்டையடி கொடுத்தால் வேலை தானாக ஒழுங்குக்கு வரும் என்றார்.

"இன்றைக்கு நீர் அடிப்பீர். நாளைக் காலையில் அவன் கத்திக்குக் கீழே கழுத்தை நீட்டப்போவது யார், நீரா?" என்றார் ராஜா.

பிரதானி தன் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேலையை விட்டு அனுப்பலாமென்றால் ராஜாவுக்கு மனம் வரவில்லை. பெரிய ராஜா காலமான அன்று, துக்கத்தில் துவண்ட தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மொட்டையடித்துவிட்ட ஆள் அவர்.

கடைசியில் குழைக்காதருக்கு ஆள் போயிற்று. எப்பேர்ப்பட்ட சிக்கலையும் சிரித்துக்கொண்டே அவிழ்க்கிறவர் என்று சபையில் பெயர் வாங்கியவர் அவர். ஆவுடையைத் திட்டக்கூடாது, தண்டிக்கக்கூடாது, தாம் குறை சொன்னதாக அவனுக்குத் தெரியவும் கூடாது. ஆனால் பழைய ஆவுடை தமக்கு வேண்டும் என்றார் ராஜா.

குழைக்காதர் ஒன்றுதான் கேட்டார். சவரம் செய்யும்போது ஆவுடை என்ன பேசுகிறார்?

"அந்தத் தொல்லை மட்டும் இல்லை. வாயே திறப்பதில்லை."

"அப்படியானால் மருந்து ஆவுடைக்கு வேண்டாம் அரசே, தங்கள் காதுக்குத்தான் வேண்டும்" என்ற குழைக்காதர் கொஞ்சம் பஞ்சு கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் காலையில் அவர் ஆவுடையை வாசலிலேயே நிறுத்தினார். மகாராஜாவுக்குக் காதில் குடைச்சல், வைத்தியர் மருந்து விட்டுப் பஞ்சு வைத்திருக்கிறார், இடி விழுந்தாலும் கேட்காது என்று சொல்லி உள்ளே அனுப்பினார். ராஜாவிடமோ, என்ன காதில் விழுந்தாலும் அசையவே கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். பஞ்சு பேருக்குத்தான். ராஜாவுக்கு எல்லாம் கணீரென்று கேட்டது.

ஆவுடை லேசில் நம்பவில்லை. ராஜாவின் முதுகுக்குப் பின்னால் வெண்கலக் கிண்ணத்தைக் கீழே போட்டுப் பார்த்தார். ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தார். பிறகு ஆவுடை குனிந்து, "மகராசாவுக்குத் தொந்தி விழுந்துபோச்சு" என்றார். ராஜா கண்ணைக்கூட இமைக்கவில்லை. தொந்தியை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான், மடை திறந்தது.

"பெத்த பிள்ளை மொகத்தைக்கூட நான் இவ்வளவு பார்த்ததில்ல. தினமும் ஒரு ஊர்க்கதை சொல்லுவேன், மகராசா சிரிப்பாக. அன்னைக்குப் பக்கத்துப் பாளையத்துத் தூதன் வந்து உக்காந்திருந்தான். அவன் முன்னால வச்சு, 'உன் வேலை கையிலதான், வாயில இல்ல'ன்னுட்டாக. தூதன் சிரிச்சான். சரின்னு வாயை மூடிக்கிட்டேன். வாயை மூடினா கையும் ஓட மாட்டேங்கே, நான் என்ன செய்ய?"

ராஜாவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. தூதன் முன்னால் மிடுக்காக இருக்க வேண்டுமென்று சொன்ன சொல். சொன்ன கையோடு மறந்தும் போன சொல். முகம் மாறிவிடாமல் காக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பாரம் இறங்கிய ஆவுடை, தம் வீட்டு மாப்பிள்ளை கதைக்கு வந்தார். ஆடி விருந்துக்கு வந்தவர் பங்குனி போயும் கிளம்பவில்லை. மாமியார் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள். மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். படுக்கிற இடத்துக்கு மேலே கூரையைப் பிரித்துவிட்டார்கள்; காற்று நன்றாக வருகிறது என்றார். கதை ஓட ஓடக் கத்தியும் ஓடியது. ஒரு கீறல் இல்லை, எரிச்சல் இல்லை.

"கடைசியில என் வீட்டுக்காரி ஒரு யோசனை பண்ணினா. மாப்பிள்ளை கையில ஒரு மண்வெட்டியைக் கொடுத்து..." என்று, ராஜாவின் தொண்டைக்குழியில் கத்தியை வைத்தபடி ஆவுடை சற்று நிறுத்தினார்.

"கொடுத்து?" என்றார் ராஜா.

ஆவுடையின் கை நடுங்கியது. நடுங்கிய கத்தி எங்கே இருந்தது என்பது ராஜாவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவருக்குப் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. மெல்லக் கையை உயர்த்திப் பஞ்சைப் பிடுங்கிப் போட்டார்.

"ஆவுடை, அந்தத் தூதன் முன்னால் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மனதில் வைத்துக்கொள்ளாதே. மண்வெட்டியைக் கொடுத்து என்ன செய்தாள்?"

ஆவுடை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தோட்டத்தைக் கொத்தச் சொன்னா மகராசா. காலையில பார்த்தா மாப்பிள்ளையையும் காணோம், மண்வெட்டியையும் காணோம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். நல்லவேளையாக ஆவுடை அதற்குள் கத்தியை எடுத்துவிட்டார். இனி எந்த நாட்டுத் தூதன் வந்தாலும் சவரம் முடியும்வரை வாசலில் காத்திருக்கட்டும் என்று அப்போதே உத்தரவாயிற்று.

அன்று சபைக்கு வந்த ராஜாவின் மீசையைப் பார்த்துப் பிரதானி திகைத்துப்போனார். சாட்டையைத் தொடாமலே இந்த மனிதரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர் என்று குழைக்காதரைக் கேட்டார்.

"விஷயம் அவர் தொழிலின் பெயரிலேயே இருக்கிறது, பிரதானி. நாவால் இதம் செய்கிறவர் நாவிதர். மகாராஜா நாவை நிறுத்திவைத்தார். நா போனதும் இதமும் கூடவே போயிற்று. அப்புறம் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும்? கத்திதான்."

ராஜா மீசை குலுங்கச் சிரித்து, தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக் குழைக்காதருக்குப் போர்த்தினார்.