மொக்கையன் குரலில் ஒரு பதில்

மயிலின் தோட்டத்தில் காலையிலிருந்தே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. யானை கஸ்தூரிதான் மேஸ்திரி. குரங்கு வேலாண்டி மரமேறி ரம்பத்தால் கிளை அறுக்கும். முள்ளம்பன்றி மொக்கையன் குழி தோண்டும். இரண்டு முயல்கள் சருகு கூட்டும். மைனா கோமளா செடி செடியாகப் போய்ப் புழு பொறுக்கும். அந்தக் காட்டில் யார் தோட்டத்தைச் சீர்ப்படுத்த வேண்டுமென்றாலும் இந்தக் கூட்டத்தைத்தான் கூப்பிடுவார்கள்.

கஸ்தூரி ஒரு விஷயத்தில் படு கறார். கிளை வெட்டும்போது, கடைசி அறுப்புக்கு முன்னால் ரம்பத்தை நிறுத்தச் சொல்லும். தரையில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் உரக்கக் கூப்பிடும். அவர்கள் மரத்தடியை விட்டு விலகி நின்று, “வெளியே!” என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் கிளை விழாது.

“பொய்யா ஒரு குரல் வந்தா, அவங்களுக்கு அன்னிக்கோட இங்கே வேலை இல்லை!” என்றும் கஸ்தூரி சொல்லி வைத்திருந்தது.

நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் இந்த மொக்கையன் இருக்கிறதே, குழிக்குள் தலையை விட்டால் இடி விழுந்தாலும் அதற்குக் கேட்காது. அதன் பதிலுக்காக எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கோமளாவுக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. பட்டுப்போன கிளை விழுந்தால் அதிலிருந்து கறையான் பொலபொலவென்று கொட்டும். அதை நினைத்தாலே கோமளாவுக்கு நாக்கு ஊறும்.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், மொக்கையனின் கரகரத்த குரலில் கோமளாவே, “வெளி...யே!” என்று சொல்லிவிட்டது. மைனாவுக்கா யார் குரலும் வராது? ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கிளை விழுந்தது. கறையானும் கிடைத்தது.

விஷயம் தெரிந்ததும் மொக்கையனுக்குக் கொண்டாட்டம். “புண்ணியவதி! இனிமே என் பதிலையும் நீயே சொல்லிடு! ஒவ்வொரு கிளைக்கும் குழியை விட்டு ஏறி ஏறி என் முட்டி தேஞ்சுபோச்சு!”

“எனக்கென்ன அண்ணே! தொண்டைக்கு வாடகையா கேட்கப்போறேன்?” என்றது கோமளா.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் இரண்டு பேருக்கும் நன்றாகக் குளிர்விட்டுப் போயிற்று.

மயிலின் தோட்டத்தில் அன்றைக்கு வெட்ட வேண்டியது கிழட்டு மாமரத்தின் பட்டுப்போன பெருங்கிளை. மயில் ஆடுகிற இடத்துக்கு நேர் மேலே அது நீட்டிக்கொண்டிருந்தது. மேகம் கூடக் கூட மயிலுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“மழை வரப்போகுது! இந்தக் கிளைக்குக் கீழே நான் எப்படித் தோகையை விரிப்பேன்? சீக்கிரம் ஆகட்டும்!” என்று அது குதித்தது.

கிளையில் கட்டி, மேலிருந்த கவட்டை வழியாக இறக்கிய கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு கஸ்தூரி புதருக்கு அந்தப் பக்கம் நின்றது. வேலாண்டி ரம்பத்தை நிறுத்தியது. கஸ்தூரி பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தது.

முயல்கள் இரண்டும், “வெளியே!” என்றன. கோமளா, “வெளியே!” என்றது.

“மொக்கையா!”

பதில் இல்லை. அது காலையில் பார்த்ததுபோல் தோட்டத்துக் குளத்தங்கரையில்தான் தோண்டிக்கொண்டிருக்கும் என்று கோமளா நினைத்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வெளி...யே!” என்றது கரகரத்த குரலில்.

“சரி, அறு!” என்றது கஸ்தூரி.

கறையான் விருந்துக்கு வசதியாக இடம் பிடிக்க, கோமளா தாழ்ந்த ஒரு செடியில் போய் உட்கார்ந்தது. கிளைக்கு நேர் கீழே காய்ந்த புல் குவியல் ஒன்று தெரிந்தது. அந்தக் குவியல், “ஹச்!” என்று தும்மியது.

புல் எங்கேயாவது தும்முமா? கோமளா உற்றுப் பார்த்தது. அது புல் இல்லை, மொக்கையனின் முதுகு! செண்பகக் கன்றைக் குளத்தங்கரையில் வேண்டாம், மாமரத்தடியில் நடு என்று மயில்தான் சொல்லியிருந்தது; மழை அவசரத்தில் அதுவே அதை மறந்துவிட்டது. அந்தக் கன்றுக்காக மொக்கையன் குழிக்குள் தலையை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தது.

“மொக்கையண்ணே! ஓடு!” என்று கத்தியது கோமளா. குழிக்குள் இருந்த மொக்கையனின் காதில் அது விழவில்லை.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் மொக்கையன் போய்விடும். அந்த நேரத்திலும் கோமளாவுக்கு ஒரு பொய்தான் முதலில் வாயில் வந்தது.

“நிறுத்துங்க! கிளையில ஒரு கூடு இருக்கு!”

“கூடாவது மண்ணாவது! நான்தானே இங்கே உட்கார்ந்திருக்கேன்!” என்று சொல்லிவிட்டு வேலாண்டி மறுபடி அறுத்தது.

“அறு, அறு!” என்றது மயில்.

கிளை, ‘மளுக்’ என்றது.

கோமளாவால் தாங்க முடியவில்லை. வேலையாவது ஒன்றாவது! தொண்டை கிழிய, மொக்கையனின் குரலிலேயே கத்தியது: “நான் வெளியே இல்லை! மேஸ்திரியம்மா, அப்போ பதில் சொன்னது மொக்கையண்ணன் இல்லை, கோமளா! அண்ணன் கிளைக்கு நேர் கீழே நிக்குது!”

வேலாண்டியின் கை அப்படியே நின்றது. ஆனால் கிளை நிற்கவில்லை. ‘மடமட’வென்று முறிந்து சாய்ந்தது. கஸ்தூரி கயிற்றை ஒரு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நான்கு கால்களையும் மண்ணில் ஊன்றிப் பின்னால் இழுத்தது. கிளை பாதியில் தொங்கி ஆடியது.

“ரொம்ப நேரம் தாங்காது! கோமளா, போய் அவனை வெளியே கொண்டுவா!”

கோமளா சிறகை ஒடுக்கிக்கொண்டு குழிக்குள் பாய்ந்தது. மொக்கையனின் மூக்கிலேயே நறுக்கென்று கொத்தியது.

“ஐயோ! எவடி அவ?” என்று அலறியபடி மொக்கையன் பின்பக்கமாகவே ஓடி வெளியே வந்தது. அது முயல்களின் மேல் மோதி நிற்கவும், கயிறு அறுந்து கிளை தொப்பென்று குழியில் விழவும் சரியாக இருந்தது. குழியோரம் வைத்திருந்த மண் கூடை அப்பளமாகிவிட்டது.

மொக்கையன் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

“என் தலை இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டது மொக்கையன்.

“இருக்கு அண்ணே! உள்ளேதான் ஒண்ணும் இல்லை!” என்றது வேலாண்டி.

முதலில் முயல்கள் சிரித்தன. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அப்பாடா என்று கஸ்தூரி விட்ட பெருமூச்சில் சருகெல்லாம் பறந்தது. கோமளா மட்டும் அழுதது. கண்ணெதிரே கறையான் கொட்டிக் கிடந்தும் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

“நான் கிளம்புறேன், மேஸ்திரியம்மா,” என்றது அது.

“நில்லு! நீ செஞ்சது பெரிய தப்பு. ஆனா வேலை போகும்னு தெரிஞ்சும் வாயைத் திறந்தே. அதனாலதான் இவன் முழுசா நிக்கிறான். கண்ணால பார்க்காம குரலை நம்பினது என் தப்பு. இனிமே குரல் வேண்டாம். எல்லாரும் வந்து என் தும்பிக்கையைத் தொட்டுட்டுப் போகணும். அப்புறம் நீ மரத்தைச் சுத்திப் பறந்து பார்த்துச் சொல்லு. அப்போதான் ரம்பம் நகரும். அப்புறம், ஒரு வாரத்துக்கு உனக்குக் கறையான் கிடையாது!”

“ஒவ்வொரு கிளைக்கும் நான் ஏறி வரணுமா?” என்று முனகியது மொக்கையன்.

“ஒவ்வொரு கிளைக்கும்!” என்று மயில்கூடச் சேர்ந்து கத்தியது.

அடுத்த கிளைக்கு முதலில் ஓடி வந்தது யார் என்கிறீர்கள்? மொக்கையனேதான்! வந்த வேகத்தில் கஸ்தூரியின் தும்பிக்கையில் முள்ளையும் குத்திவிட்டது.

“ஆ! மெதுவாடா!” என்று கத்தினாலும் கஸ்தூரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோமளா மரத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை சுற்றிவந்து, தன் சொந்தக் குரலில், “கீழே யாரும் இல்லை!” என்றது. கிளை விழுந்தது. பின்னாலேயே மழையும் விழுந்தது.

ஆபத்தான வேலையில் நண்பனுக்காக நாம் சொல்லும் பொய்யான பதில் அவன் உயிருக்கே உலை வைத்துவிடும். அவரவர் பதிலை அவரவரே நேரில் வந்து சொல்ல வேண்டும்.