செங்கல் தூளும் நூற்றெட்டுக் குடமும்

முன்னொரு காலத்தில், மலையே இல்லாத ஒரு வண்டல் நாட்டைக் கொற்றவேல் என்ற அரசன் ஆண்டுவந்தான். மனம் வேளைக்கொரு பக்கம் சாயும் அரசன். ஓர் ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. பாதி வீடுகள் இடிந்தன. அதே வாரம் அரசிக்குப் பிரசவ வலி எடுத்தது. வைத்தியரின் வண்டி சேற்றில் அச்சுவரை புதைந்து நின்றது. அவர் நடந்து வந்து சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

நாற்பது நாள் அரசன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு சபைக்கு வந்து, அரண்மனையிலிருந்து வைத்தியர் தெருவரை புதையாத சாலை வேண்டும் என்றான். கிழக்குப் பாதியை அமைச்சர் ஆதனாரும், மேற்குப் பாதியைப் பொக்கிஷத் தலைவர் பூவராகனும் போடவேண்டும். யார் போட்ட பாதி தாழ்ந்ததோ, அவர் நாட்டைவிட்டுப் போகவேண்டும். ஆதனாரை ஒழிக்க வேளை பார்த்திருந்த பூவராகனுக்கு உள்ளூர மகிழ்ச்சி.

கருங்கல் கிடைக்காத நாடு. இடிந்த வீடுகளின் செங்கல்லும் ஓடும்தான் இருந்தன. ஆதனார் வீடுவீடாகப் போய்க் கேட்டார். வெள்ளத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள்கூட மறுபேச்சில்லாமல் அள்ளிக் கொடுத்தார்கள். அவர் தூளைச் சலித்து ஒதுக்கினார். பெரிய துண்டுகளை அடியிலும் சிறியவற்றை மேலும் பரப்பி இடித்தார். இருபுறமும் வாய்க்கால் வெட்டினார். பூவராகனோ எல்லாவற்றையும் மாவாக இடித்து, கெட்டிப்படுத்தி, தரையை மெழுகியதுபோல் ஆக்கிவிட்டான்.

சித்திரை வெயிலில் அரசன் பார்வையிட்டான். பூவராகனின் பாதி பளபளத்தது. ஆதனாரின் பாதி காலை உறுத்தியது. "இடிபாட்டை இடம் மாற்றியிருக்கிறீர்கள், அமைச்சரே. நாளை கிளம்புங்கள்" என்றான்.

ஆதனார் வணங்கினார். "உத்தரவு, அரசே. போவதற்குமுன் வென்றவரைக் கௌரவிக்க ஆசை. அவர் போட்ட சாலையிலேயே ஆசனமிட்டு நூற்றெட்டுக் குடம் நீராட்ட அனுமதியுங்கள்."

பூவராகன் பட்டு உடுத்தி, தேக்கு ஆசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். முப்பதாவது குடத்தில் தண்ணீர் போக வழியின்றித் தேங்கியது. அறுபதில் தூள் குழம்பாயிற்று. நூறாவது குடத்தில் ஆசனம் ஒருபக்கம் சரிந்து, பூவராகன் இடுப்புவரை செஞ்சேறு அப்பிக் கிடந்தான். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் அரசன் முகத்தையே பார்த்தார்கள்.

அரசன் ஆதனாரின் பாதியில் போய் நின்று, அங்கும் நூற்றெட்டுக் குடம் ஊற்றச் சொன்னான். நீர் துண்டுகளுக்கு இடையே இறங்கி வாய்க்காலில் வந்து விழுந்தது. அரசன் காலடியில் ஒரு துண்டும் அசையவில்லை.

"தண்ணீரைத் தடுக்க முடியாது, அரசே. போக வழி விட்டேன். தூள் அந்த வழியை அடைத்துவிடும்" என்றார் ஆதனார்.

அரசன் மெல்லக் கேட்டான்: "இது அன்றைக்கே இருந்திருந்தால்?"

"வைத்தியர் வந்திருப்பார்."

"ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"வெள்ளத்துக்கு முந்தின இரண்டு கோடையிலும் சொன்னேன். தாங்கள் செங்கல்லில் வசந்த மண்டபம் கட்டிக்கொண்டிருந்தீர்கள்."

அரசன் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி ஆதனார் கையில் வைத்தான். நாடு கடத்தல் வேண்டாம் என்று ஆதனார் கேட்டுக்கொண்டதால், பூவராகனைச் சல்லடை பிடிக்கும் ஆட்களோடு அனுப்பினான். மேற்குப் பாதியைத் திரும்பப் போடச் செங்கல் போதாது என்றார்கள் வேலையாட்கள்.

"மண்டபத்தை இடியுங்கள்" என்றான் அரசன். முதல் சுவர் விழும்வரை அங்கேயே நின்றிருந்தான்.